இல்லாத முதுகுவலி

துறைமுகத்தில் அவருக்குப் பருந்து என்று பெயர். கப்பலிலிருந்து கன்டெய்னர் இறக்கும் ராட்சத கிரேனின் உச்சியில், பதினான்கு மாடி உயரத்தில், கண்ணாடித் தரை போட்ட சின்னக் கேபின் ஒன்றில் பத்தொன்பது வருடம் உட்கார்ந்து வேலை பார்த்தவர். இரண்டு கால்களுக்கும் நடுவே கண்ணாடி. அதற்குக் கீழே கடல், கப்பல், தீப்பெட்டி அளவு லாரிகள். முப்பது டன் பெட்டியை அவர் லாரிமேல் இறக்கி வைக்கிற பக்குவத்தில், பெட்டி வந்து உட்கார்ந்ததே தெரியாமல், “வெச்சாச்சா அண்ணே?” என்று டிரைவர்கள் கேட்பார்களாம். அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

கீழே நின்று அவருக்கு வழி சொல்லும் சிக்னல்காரருக்கு விசில் என்று பெயர். வாக்கி டாக்கி மக்கர் பண்ணினால் வாயில் விரலை வைத்து ஊதிவிடுவார். அந்தச் சத்தம் உச்சிவரை கேட்கும். இருவருக்கும் ஆறு வயது வித்தியாசம். பருந்து மேலே, விசில் கீழே என்று பன்னிரண்டு வருடம் ஓடியது. ஒரு நாளில் இருவரும் முகத்துக்கு முகம் பார்ப்பது பத்து நிமிடம்கூட இருக்காது. ஆனாலும், வாக்கி டாக்கியில் மூச்சு விடுகிற சத்தத்தை வைத்தே அண்ணன் எரிச்சலில் இருக்கிறாரா பசியில் இருக்கிறாரா என்று விசில் சொல்லிவிடுவார்.

ஒரு மழைக்காலத்தில் பக்கத்து கிரேனிலிருந்து ஒரு பெட்டி நழுவி, கப்பல் தளத்தில் நின்ற கூலியாள் ஒருவர்மேல் விழுந்தது. பருந்தின் கிரேன் இல்லை, பருந்தின் தப்பும் இல்லை. கால்களுக்கு நடுவே இருந்த கண்ணாடி வழியாக அதைப் பார்த்தார், அவ்வளவுதான். இரண்டு நாள் கழித்து வேலைக்கும் வந்துவிட்டார். தூக்கம் போனது, கண்ணாடியைப் பார்த்தால் அந்தக் கூலியாள் அங்கேயே கிடப்பதுபோலத் தெரிந்தது, பெட்டியைத் தூக்கும்போது விரல் மரத்தது. எதையும் யாரிடமும் சொல்லவில்லை. செத்தவனுடைய அண்ணனே மறுவாரம் வேலைக்கு வந்துவிட்டான், வேடிக்கை பார்த்த எனக்கு என்ன வந்தது என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார். இப்படி எட்டு மாதம் போயிற்று.

ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணி. பெட்டி அந்தரத்தில் தொங்குகிறது. பருந்தின் கைகள் லீவரைப் பிடித்தபடி உறைந்துவிட்டன. கீழிருந்து விசில் கூப்பிடுகிறார், பதில் இல்லை. சூப்பர்வைசர் கூப்பிடுகிறார், பதில் இல்லை. கடைசியில் விசிலே கூண்டு லிஃப்டில் ஏறி மேலே போனார். பெட்டியைப் பத்திரமாக இறக்க வேறு ஆளை வரவழைத்து, பருந்தின் விரல்களை ஒவ்வொன்றாக லீவரிலிருந்து பிரித்து எடுத்து முடிக்க ஒன்றே கால் மணி நேரம் ஆயிற்று.

அந்த ஒன்றே கால் மணி நேரத்தில் பருந்து பேண்ட்டிலேயே சிறுநீர் கழித்துவிட்டார்.

விசில் அதைப் பார்த்தார். இடுப்பில் தொங்கிய தண்ணீர் பாட்டிலைத் திறந்து பருந்தின் மடியில் பாதியைக் கவிழ்த்தார், மீதியைத் தன்மேல் ஊற்றிக்கொண்டார். “கேட்டா, பாட்டில் கொட்டிடுச்சுன்னு சொல்லிடலாம்ண்ணே. வாங்க,” என்றார்.

கூண்டு லிஃப்ட் இறங்கி நின்றபோது கீழே நாற்பது பேர் கூடியிருந்தார்கள். சிலர் கையில் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். துறைமுகத்துக்காரனுக்கு மானம் கப்பலேறுவது என்றால் வெறும் பேச்சு இல்லை, கப்பல் அங்கேயே நின்றுகொண்டிருந்தது. பருந்து தலையைத் தூக்காமல் ஆம்புலன்ஸ் வரை நடந்தார். நிர்வாகத்தின் பதிவேட்டில் ஒரே ஒரு வரி எழுதினார்கள்: ‘ஆபரேட்டருக்குத் தலைசுற்றல். இறக்கப்பட்டார்.’

அதன் பிறகு மனநல மருத்துவமனை, மாத்திரை, நீண்ட விடுப்பு, உயரத்தில் வேலை செய்யத் தகுதியில்லை என்ற சான்றிதழ், கடைசியில் கணக்கு முடித்து அனுப்பிய கடிதம். இதற்குள் பத்து மாதம் போய்விட்டது.

இந்தக் கதைக்குள் ஒரு முதுகு பெல்ட் வந்தது இப்போதுதான். எதிர்வீட்டில் ஒரு தபால்காரர். நல்ல மனிதர், ஆனால் வாசலில் நின்று ஊர் வம்பு அளக்காமல் அவருக்குச் சோறு இறங்காது. ஒரு நாள் காலை, “என்னங்க, இப்பல்லாம் வேலைக்குப் போறதில்லையா?” என்று கேட்டுவிட்டார். பருந்தின் வாயிலிருந்து, யோசிப்பதற்குள், “முதுகுங்க” என்று வந்துவிட்டது. முதுகு என்றால் யாருக்கும் புரியும். முதுகுவலிக்காரனை யாரும் ஒரு மாதிரியாகப் பார்க்க மாட்டார்கள். அன்று சாயங்காலம் மனைவியிடம், “மருந்துக்கடையில இடுப்புக்குக் கட்டற பெல்ட் ஒண்ணு வாங்கிட்டு வர்றியா?” என்றார்.

மனைவி ஏன் என்று கேட்கவில்லை. வாங்கி வந்தார். அதற்குப் பிறகு வாசலுக்குப் போவதென்றால்கூட சட்டைக்குள் பெல்ட்டைக் கட்டிக்கொண்டுதான் பருந்து போவார். வாரம் ஒரு முறை மனைவி அதைத் துவைத்துக் காயப் போடுவார், எதிர்வீட்டுக்குத் தெரிகிற கொடியில்.

மனைவிக்கு மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை. படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்க வேண்டும். அவர்தான் இயலாமை உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம் என்று பாரத்தைக் கொண்டுவந்தார். இருபத்திரண்டு பக்கம். பருந்து அதை மனைவியிடம் காட்டாமல், தானே உட்கார்ந்து நிரப்பினார். தனியாகக் கடைக்குப் போக முடியுமா? முடியும். தினமும் குளித்து உடை மாற்றிக்கொள்கிறீர்களா? ஆம். பிறரோடு பழகுவதில் சிரமம் உண்டா? இல்லை. யாரோ முன்பின் தெரியாத ஒரு குமாஸ்தா படிக்கப்போகிறார். அவர்முன் கூட இவரால் கூனிக் குறுகி நிற்க முடியவில்லை.

மருத்துவ மதிப்பீட்டுக்கு அழைத்தார்கள். மூன்றாவது மாடி. கூண்டு லிஃப்டில் இறங்கிய நாளிலிருந்து பருந்துக்கு லிஃப்ட் கதவைப் பார்த்தாலே நெஞ்சு அடைக்கும். படியேறிப் போனார். முகச்சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில், பத்து நிமிடம் முன்பாகவே போய் உட்கார்ந்துவிட்டார். மருத்துவர் கம்ப்யூட்டரைவிட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. ஒரே ஒரு முறை திரும்பினார்.

“சட்டைக்குள்ள என்ன, பெல்ட்டா? முதுகுல பிரச்சனையா?”

“ஆமாங்க டாக்டர்.”

“குனிஞ்சு காலைத் தொடுங்க.”

சொன்னதைச் செய்கிற பழக்கம். பருந்து மளமளவென்று குனிந்து கட்டைவிரலைத் தொட்டுவிட்டு நிமிர்ந்தார்.

“வலிக்குதா?”

“வலிக்கும்,” என்றார் பருந்து.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. மனைவி வேலையிலிருந்து வந்து, கைகூடக் கழுவாமல் பிரித்துப் படித்தார். ‘விண்ணப்பதாரர் சுத்தமாக உடையணிந்து, குறித்த நேரத்துக்கு முன்பே வந்திருந்தார். தெளிவாகப் பேசினார். லிஃப்ட் இருந்தும் மூன்று மாடிகளைத் துணையின்றிப் படியேறிக் கடந்தார். முதுகுவலி இருப்பதாகக் கூறினார். பரிசோதனையில் அதற்கான அறிகுறி எதுவும் இல்லை. அவர் கூற்றுகள் நம்பத்தக்கவையாக இல்லை. விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.’

“முப்பது நாளைக்குள்ள மேல்முறையீடு பண்ணலாமாம்,” என்றார் மனைவி.

“வேணாம். பொய்யன்னு ஒருதரம் எழுதினது போதும்.”

அவரை அதிகம் குடைந்தது இதுதான். அந்த மருத்துவர் எழுதியது தப்பில்லை. முதுகுவலி பொய்தான். உள்ளதைச் சொல்ல வெட்கப்பட்டு இல்லாததைச் சொன்னார். இப்போது இல்லாததோடு உள்ளதும் சேர்ந்து பொய்யாகிவிட்டது. மனைவியின் அண்ணன் போனில், “மனசு தானே மாப்ள? வெளியூர் பக்கம் ரெண்டு நாள் போய்ட்டு வாங்க, எல்லாம் சரியாயிடும்,” என்றார். பருந்து, “சரிங்க மச்சான்,” என்று சொல்லிவிட்டு, குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கடிதம் வந்த பத்தொன்பதாவது நாள் சாயங்காலம் மனைவி இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டு வந்தார். வாசலருகே இருந்த ஸ்டூலில் செருப்பைக் கழற்ற உட்கார்ந்தவர், ஒரு காலில் செருப்போடு அப்படியே சுவரில் சாய்ந்து தூங்கிப்போனார். பருந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து அந்த இன்னொரு செருப்பைக் கழற்றினார். மனைவி விழித்துக்கொண்டார்.

“அந்தக் கடுதாசி எங்க வெச்சிருக்கே?” என்று கேட்டார் பருந்து.

நூலகத்துக்குப் பின்னால் ஓர் அறையில், வியாழக்கிழமைகளில், மனு எழுதிக் கொடுக்கும் அம்மா ஒருவர் இலவசமாக உதவி செய்வார். மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டி மாலைபோலப் போட்டிருப்பார், தீராத ஜலதோஷக்காரர். பருந்தின் பாரத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு மூக்கை உறிஞ்சினார்.

“இதுல எழுதியிருக்கிற ஆள் ரொம்ப நல்லா இருக்கார் சார். இவருக்கு நானா இருந்தாலும் உதவித்தொகை கொடுக்க மாட்டேன். இவரை விடுங்க. உங்க வீட்ல இருக்கிறவரைப் பத்திச் சொல்லுங்க. ஒரு நாள் எப்படிப் போகுது?”

“காலைல எந்திரிப்பேன். குளிப்பேன். பேப்பர் படிப்பேன்…”

“எப்ப குளிச்சீங்க?” என்றார் பக்கத்தில் இருந்த மனைவி, மெதுவாக.



மனு எழுதும் அம்மா இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். “நீங்க ரெண்டு பேரும் ஒரே வீட்லதானே இருக்கீங்க?”

மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு அவர்தான் சொன்னார். போன சனிக்கிழமை குளித்தார், அதுவும் நான் தலையில் தண்ணீர் ஊற்றி. பேப்பர் வரும், பிரிக்கவே மாட்டார். மாடியில் துணி காயப் போடப் போனால், எனக்கு ஏதோ ஆகிவிடும் என்று கீழிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். வெளியே லாரி சத்தம் கேட்டால் கட்டிலைப் பிடித்துக்கொள்வார், கை விரல் வெளுத்துப்போகும்வரை. பருந்து தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தன்னைப் பற்றி இல்லை, வேறு யாரோ ஒரு கையாலாகாத ஆளைப் பற்றிப் பேசுவதுபோல இருந்தது. அந்த ஆளோடுதான் இவள் குடித்தனம் நடத்துகிறாள் என்று நினைத்தபோது காது மடல் சுட்டது.

“கை உறைஞ்ச அன்னிக்கு கிரேன்ல என்ன நடந்துச்சுன்னு கூட இருந்து பார்த்தவங்க யாராவது சாட்சி சொல்லணும்,” என்றார் மனு எழுதும் அம்மா. “கம்பெனி பதிவுல ஒரு வரிதான் இருக்கு. தலைசுற்றல் யாருக்கும் வரும் சார்.”

விசில் இந்த ஒரு வருடத்தில் எத்தனையோ முறை போன் பண்ணியிருந்தார். பருந்து ஒரு முறைகூட எடுக்கவில்லை. ஒருவன் நம்மை அந்தக் கோலத்தில் பார்த்துவிட்டால், அவன் எவ்வளவு நல்லவனாக இருக்கிறானோ அவ்வளவுக்கு அவன் முகத்தில் விழிக்க முடியாமல் போகிறது.

விசிலுக்கு மதியம் இரண்டு மணிக்கு ஷிப்ட் முடியும். துறைமுகத்தின் இரண்டாவது கேட்டுக்கு எதிரே இருந்த பஸ் நிறுத்தத்தில், கிரேன்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பருந்து காத்திருந்தார். மனைவி கூட வந்து, சற்றுத் தள்ளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

“பருந்தண்ணே!” விசில் சாலையைக் குறுக்கே வெட்டி ஓடிவந்தார். “என்னண்ணே இப்படி இளைச்சுட்டீங்க? போனை எடுக்கறதில்ல. என்னைக் கழட்டி விட்டுட்டீங்கன்னு நினைச்சேன்.”

“வேலை இருந்துச்சு தம்பி,” என்றார் பருந்து. அது எவ்வளவு அபத்தமான பொய் என்று இருவருக்கும் தெரியும். விசில் தலையாட்டிக்கொண்டார்.

பருந்து விஷயத்தைச் சொன்னார். விசில் காலால் ஒரு கல்லை உருட்டிக்கொண்டே கேட்டார்.

“வர்றேண்ணே. லீவு போட்டுட்டு வர்றேன். ஆனா…” குரலைத் தணித்தார். “எல்லாத்தையும் சொல்லணுமா?”

“தெரியலடா.”

“நான் என் வீட்ல கூடச் சொன்னதில்லண்ணே.”

“தெரியும்,” என்றார் பருந்து. பஸ் வந்தது. அதுதான் சாக்கு என்று ஏறிவிட்டார்.

விசாரணை தரைத்தளத்தில் நடந்தது. லிஃப்ட் ஒத்துவராது என்று மனு எழுதும் அம்மா முன்கூட்டியே எழுதிக் கேட்டு வாங்கியிருந்தார். நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர்: நடுவில் தலைவரான ஒரு பெண்மணி, ஒரு பக்கம் வயதான மருத்துவர், இன்னொரு பக்கம் ஊன்றுகோலை நாற்காலியில் சாய்த்து வைத்திருந்த உறுப்பினர். மனைவி பருந்துக்கு இடப்பக்கம் உட்கார்ந்தார்.

தலைவர் நேராக விஷயத்துக்கு வந்தார். “முதுகுவலின்னு ஏன் சொன்னீங்க?”

பருந்து சட்டையின் கீழ்ப் பித்தானைத் தடவினார். “வெளிய… சொல்லிக்கறதுக்கு ஒரு காரணம் வேணும்னு.”

“டாக்டர்கிட்டயுமா?”

“பெல்ட் கட்டியிருந்தேன். கேட்டாங்க. வேற என்ன சொல்றதுன்னு தெரியல.”

“இப்பவும் கட்டியிருக்கீங்களா?”

மனு எழுதும் அம்மா திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். பருந்து தலைகுனிந்தார். “ஆமாங்க. கிளம்பறப்ப எதிர்வீட்டுக்காரர் வாசல்ல நின்னுட்டிருந்தார்.”

பருந்து எழுந்து, சட்டையின் கீழ்ப் பித்தான்களைக் கழற்றி, பெல்ட்டின் பட்டையைப் பிடித்து இழுத்தார். அது ‘சர்ர்ர்’ என்று அந்த அறை முழுக்கக் கேட்கும்படி பிரிந்தது. எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மனைவி அதை வாங்கி, விரிப்பை மடிப்பதுபோல நான்காக மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

அடுத்து விசில். நெட்டுருப் போட்டதுபோல எல்லாம் சொன்னார்: தொங்கிய பெட்டி, பதில் வராத வாக்கி டாக்கி, லீவரிலிருந்து பிரித்தெடுத்த விரல்கள். “கண்ணு திறந்துதான் இருந்துச்சு. என்னைப் பார்த்தாரு, ஆனா நான் யாருன்னு தெரியல. அப்புறம் தண்ணி பாட்டில் கொட்டிடுச்சு. ரெண்டு பேரும் நனைஞ்சுட்டோம். கீழ வந்துட்டோம்.”

வயதான மருத்துவர் பேனாவை நிறுத்தினார். “ஒரு பாட்டில் தண்ணி ரெண்டு பேர் மேலயும் எப்படிக் கொட்டும்?”

“அது… கேபின் சின்னது சார். கை தட்டி…” விசிலின் முகத்தில் ஈயாடவில்லை. பருந்தைப் பார்த்தார். பொய் சொல்லவும் தயார், நிறுத்தவும் தயார் என்று அந்தப் பார்வையில் இருந்தது.

பருந்துக்கு அப்போது தோன்றியது மனைவியைப் பற்றித்தான். இவளை வெளியே உட்காரச் சொல்லியிருக்கலாம். இப்போது எழுந்து போகச் சொன்னால் அதுவே எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

“கொட்டலைங்க,” என்றார். அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. தலைவர், “கொஞ்சம் சத்தமா,” என்றார். இன்னொரு முறை சொல்ல வேண்டியதாயிற்று. “தண்ணி கொட்டலைங்க. நான் பேண்ட்டிலயே ஒண்ணுக்குப் போயிட்டேன். யாருக்கும் தெரியக்கூடாதுன்னு தம்பிதான் தண்ணிய எடுத்து என் மேலயும் அவன் மேலயும் ஊத்தினான்.”

ஓரத்தில் உட்கார்ந்து தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் அதையும் அடித்து முடித்தார். ஊன்றுகோல் வைத்திருந்த உறுப்பினர் மட்டும், “எத்தனை நாளா இதைச் சொல்லாம வெச்சிருந்தீங்க?” என்று கேட்டார்.

“யார்கிட்டயும் சொன்னதில்லைங்க.”

வெளியே வந்ததும் விசில், “சாரிண்ணே, எனக்குச் சமாளிக்கத் தெரியல,” என்று தலையைச் சொறிந்தார். பருந்து அவர் தோளில் கை வைத்தார். விசில் போன பிறகு, வளாகத்துச் சுவரோரமாக மனைவியும் அவரும் நடந்தார்கள்.

“உன்கிட்ட சொல்லியிருக்கணும்,” என்றார் பருந்து.

மனைவி மடித்த பெல்ட்டை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். “அன்னிக்கு அந்த பேண்ட்டைத் தோய்ச்சது யாருங்க?”

பருந்து நின்றுவிட்டார்.

“ஆஸ்பத்திரி துணியில இருபது வருஷமா வேலை பார்க்கறேன். எனக்கு வாசனை தெரியாதா? நீங்களா சொல்லுவீங்கன்னு பார்த்தேன். சொல்லல. சரி, சொல்ல வேண்டாம்னு இருக்கீங்கன்னு விட்டுட்டேன்.”

பாரம் இறங்கியதுபோல இருந்திருக்கும் என்று நினைக்கலாம். அப்படி இல்லை. ஒரு வருடமாக இவர் மறைத்த மறைப்பை, மறைக்கிறார் என்று தெரிந்தே மனைவி பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். பெல்ட்டைத் துவைத்துக் கொடியில் போட்டதுகூட அந்த மறைப்புக்குத் துணையாகத்தான். இரண்டாவது முறை நனைந்ததுபோல இருந்தது பருந்துக்கு. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மனைவி அவசரப்படுத்தாமல் பக்கத்திலேயே நின்றார்.

ஐந்து வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. மேல்முறையீடு ஏற்கப்பட்டது, இரண்டு வருடத்துக்கு, பிறகு மறுபரிசீலனை. மனைவியின் அண்ணன் போன் பண்ணி, பரிசு விழுந்தவனிடம் பேசுவதுபோல, “கிடைச்சுடுச்சாமே மாப்ள!” என்றார். பருந்து அந்த ஆறு பக்கத்தில் நான்காவது பக்கத்தை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தார். ‘மனுதாரர் கேபினில் தன்னிலை மறந்து சிறுநீர் கழித்ததை மறைத்துவந்தார். அவர் முன்னர் அளித்த தவறான தகவல்கள் ஏமாற்றும் நோக்கத்தில் அன்றி, வெட்கத்தினால் அளிக்கப்பட்டவை என இக்குழு கருதுகிறது.’ எழுதியவர்கள் நல்லெண்ணத்தோடுதான் எழுதியிருக்கிறார்கள். ஆனாலும் அது ஏதோ அலுவலகத்தில், எண் போட்ட ஃபைலில், காகிதம் மக்கும்வரை இருக்கப்போகிறது. மனைவி அந்தப் பக்கத்தை உள்பக்கமாக வைத்து மடித்து அலமாரியில் வைத்தார்.

உதவித்தொகை அட்டைக்குப் புகைப்படம் வேண்டும் என்று அடுத்த வாரம் இன்னொரு கடிதம் வந்தது. தெருமுனை ஸ்டூடியோவுக்கு இருவரும் போனார்கள். முன்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள். போட்டோக்காரர், “எதுக்கு சார், பாஸ்போர்ட்டுக்கா?” என்று கேட்டார். மனைவி வாயைத் திறந்தார். அதற்குள் பருந்து, “இயலாமை அட்டைக்கு,” என்றார். காத்திருந்தவர்களில் ஒருவர் திரும்பிப் பார்த்தார். பார்வை முகத்திலிருந்து கைக்குப் போய், காலுக்குப் போய், என்ன குறை என்று தேடிவிட்டு, அவர் கையிலிருந்த போனுக்கே திரும்பியது. பருந்துக்கு வியர்த்தது.

“அதுக்கு வெள்ளை பேக்ரவுண்டு வேணும். ரெண்டு காப்பி போதும்,” என்றார் போட்டோக்காரர், திரையை இழுத்துவிட்டபடி. “ஸ்டூல்ல உட்காருங்க. காமிராவைப் பாருங்க சார். கண்ணை மூடாதீங்க.”

முதல் இரண்டு தடவையும் கண் மூடிக்கொண்டது. மூன்றாவது படத்தில் திறந்திருந்தது. முகம் சிவந்துதான் இருந்தது, ஆனால் அட்டைக்கு அது போதும் என்று போட்டோக்காரர் சொல்லிவிட்டார்.